சுருக்கமாச் சொன்னா வாதம்

இந்த சீட்டுக்கு ஆள் வருதாண்ணே? இல்லையா, அப்ப அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கங்க, நானும் உக்காந்துக்கிறேன். மதுரைக்கா? நானும் மதுரைதான். தனியா வரலை. அந்தா முன்னாடி, டிரைவருக்குப் பின் சீட்டுல தலையில துண்டு சுத்திக்கிட்டு ஒருத்தரு சாஞ்சிருக்காரு பாருங்க, அவரு எங்க அத்தான் குருநாதன். பக்கத்துல பச்சைச் சேலை எங்க அக்கா. அது மூணு பேரு உக்கார்ற சீட்டுதான். ஆனா அக்கா, "நீ பின்னாடி போயிக் காத்தோட்டமா உக்காருடா"ன்னு சொல்லிருச்சு. எனக்குக் காத்து வேணும்னு அதுக்குத் தெரியும். சின்னதுலேர்ந்தே என் மேல அவ்வளவு பாசம்.

ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். ஒட்டுற சீக்கு இல்லைண்ணே, பயப்படாதீங்க. உசிலம்பட்டி வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். எதையும் சுருக்கமாப் பேசுறதுதான் எனக்குப் பழக்கம். எந்தொழில் அப்படி. இடம் வாங்கி விக்கிற தரகு. தவமணின்னா ஆண்டிபட்டி வட்டாரத்துல தெரியாத ஆளு கிடையாது. தரகுல முதல் பாடம் என்ன தெரியுமா? வாங்குறவனும் வாயத் தொறக்கக் கூடாது, விக்கிறவனும் வாயத் தொறக்கக் கூடாது. நடுவுல ஒருத்தன் பேசணும். அவனுகளே பேசிக்கிட்டா காரியம் குட்டிச்சுவராப் போயிரும். ரெண்டாவது, குறையை எடுத்த எடுப்புல சொல்லக் கூடாது. கிணத்துல உப்புத்தண்ணின்னா, "கிணத்துல தண்ணி இருக்கு"ன்னு சொல்லணும். பொய் இல்லை பாருங்க. தண்ணி இருக்குதானே.

அத்தான் கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. புயலடிச்சாலும் கம்பத்துல ஏறி நிப்பாரு. அவருக்கு நடுக்குவாதம் வந்திருச்சு. பார்க்கின்சன்னு இங்கிலீஷ்ல சொல்லுவாங்க. முதல்ல வலது கை விரலு, சும்மா உக்காந்திருக்கும்போதே பீடி உருட்டுற மாதிரி உருண்டுச்சு. அப்புறம் நடை குறுகிப் போச்சு. குரலு உள்ளுக்குள்ள போயிருச்சு. ஒண்ணு கேட்டோம்னா பதில் வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சு முடிச்சிரலாம். எனக்கு அதுக்கெல்லாம் பொறுமை கிடையாதுண்ணே. அவரு என்ன சொல்ல வர்றாருன்னு நமக்குத் தெரியாதா, நானே சொல்லிருவேன். அவருக்கும் சிரமம் மிச்சம். அக்காவைப் பத்திக் கேக்கவே வேண்டாம். பேருதான் பேச்சியம்மா, வாயில பேச்சே கிடையாது. ஆக அந்த வீட்டுக்குப் பேச வேண்டிய பொறுப்பு பூராவும் என் தலையில விழுந்திருச்சு.

மதுரையில ஒரு நரம்பு டாக்டரம்மாகிட்டதான் வைத்தியம். மாத்திரையில நல்லாத் தேறி, காலையில கடைத்தெரு வரைக்கும் நடந்து போயி பேப்பர் வாங்கிட்டு வர்ற அளவுக்கு வந்துட்டாரு. ஐப்பசி மாசம் அடைமழை. ஒருநா திடீர்னு அக்காகிட்டச் சொல்றாரு, பின்கட்டுல நாலு பொம்பளைக உக்காந்து புளி தட்டிக்கிட்டு இருக்காக, குடிக்கத் தண்ணி குடுன்னு. ஐப்பசியில எவண்ணே புளி தட்டுவான்? பங்குனி வெயில்ல தட்டுற சாமான் அது. அங்க ஒரு ஈ காக்கா கிடையாது. அக்கா என்ன பண்ணுச்சுன்னா, ஒரு செம்புல தண்ணி மோந்துட்டுப் போயி பின்கட்டுல வச்சிட்டு வந்திருச்சு. "குடுத்துட்டேங்க"ன்னுச்சு. அத்தானும் சரின்னுட்டு பேப்பர் படிக்கப் போயிட்டாரு.

தினம் இதே கூத்துதான். பொம்பளைக வருவாகளாம், புளி தட்டுவாகளாம், சாயந்தரம் எந்திரிச்சுப் போயிருவாகளாம். ஒரு வார்த்தை பேச மாட்டாகளாம். அத்தானுக்குப் பயமும் இல்லை, கோவமும் இல்லை. ஏதோ வீட்டுக்கு வந்த ஆளுகளைச் சொல்ற மாதிரிதான் சொல்லுவாரு. "அவுக நெசமா இல்லைன்னு எனக்கே தெரியும் பேச்சி, ஆனா தெரியுறாக"ன்னு ஒருநா சொன்னாராம். அக்கா அதைப் பெருசாவே எடுத்துக்கலை. அடுத்த மாசம் மதுரைக்குப் போகும்போது டாக்டரம்மாகிட்டக் கேட்டுக்கிறேன்னு சொல்லிருச்சு. என்ன பொறுமை பாருங்க. நானா இருந்தா அப்படி விட்டிருப்பேனா?

விடலையே. ஏன்னா அக்கா வீட்டுக்குப் பின்னாடி ஒரு வீடு விலைக்கு வந்துச்சு. வாங்க வந்தவரு போடியில ஏலக்காய் வியாபாரம் பண்றவரு, நல்ல பார்ட்டி. கார்த்திகைக்குள்ள முடிச்சாகணும், மார்கழி பொறந்துட்டா எவன் வீடு வாங்குவான்? அவரைக் கூட்டிக்கிட்டு வந்து, வெயிலுக்கு இங்க உக்காருங்கன்னு அக்கா வீட்டு வாசல்ல நாற்காலி எடுத்துப் போட்டேன். மனுசன் உக்காரப் போறாரு. அத்தான் மெதுவா, ரொம்ப மரியாதையா, "அதுல ஆள் இருக்கு, இங்கிட்டு உக்காருங்க"ன்னாரு. வியாபாரி குனிஞ்சு பாத்தாரு. காலி நாற்காலி. அத்தான் அவரைப் பாத்து, "நீங்க வாங்கப்போற வீட்டுப் பக்கமிருந்துதான் வர்றாக"ன்னு சொன்னாரு பாருங்க, அவ்வளவுதான். அவரு கார் கிளம்புன வேகத்துல தெருநாய் ரெண்டு சாக்கடைக்குள்ள விழுந்திருச்சு.

இப்பச் சொல்லுங்க, இதை வளர விடலாமா? என் பொழைப்புக்காகச் சொல்லலை. அத்தான் மேல உள்ள அக்கறையிலதான் சொன்னேன். மதுரைக்குப் போற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு, எங்க ஊர்லயே புதுசா கிளினிக் போட்டிருக்கிற ஒரு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். பேரு வேண்டாம். சின்ன வயசு, கெட்டிக்காரரு, கூட்டம் அள்ளும். வெளியில அம்பது பேரு நிக்கிறான். நான் கம்பவுண்டரைச் சரிக்கட்டி முன்னாடியே உள்ள போயிட்டேன். அக்காகிட்டச் சொல்லிட்டேன், நீ எதுவும் பேசாதே, நான் இருக்கேன்லன்னு.

டாக்டரு, என்ன பண்ணுதுன்னு அத்தானைப் பாத்துத்தான் கேட்டாரு. அத்தான் வாயைத் தொறந்தாரு. வெளியில அம்பது பேரு நிக்கிறான்ண்ணே, இவரு பேசி முடிக்கிறதுக்குள்ள பொழுது விழுந்திரும். நானே சொன்னேன். இல்லாத ஆளு தெரியுது, கண்டபடி பேசுறாரு, வீட்டுக்கு வர்றவங்களை விரட்டுறாருன்னு. கொஞ்சம் எடுப்பாச் சொன்னாத்தானே மருந்தும் எடுப்பாக் குடுப்பாங்க. வேற நோய் ஏதும் இருக்கான்னு கேட்டாரு. அக்கா, "நடுக்கு..."ன்னு இழுத்துச்சு. நான் கால்ல ஒரு மிதி மிதிச்சேன். குறையை எடுத்த எடுப்புல சொல்லலாமா? "கொஞ்சம் வாதம் இருக்கு சார், அதுக்கு ஏதோ மாத்திரை போடுறாரு, மத்தபடி ஆளு கல்லு மாதிரி"ன்னு சுருக்கமா முடிச்சேன். பேசும்போது அத்தானோட வலது கையை நான் இறுக்கிப் பிடிச்சிருந்தேன். ஒரு ஆதரவுக்குத்தான். நாமளும் பிடிக்கலைன்னா அவருக்கு யாரு இருக்கா?

டாக்டரு தலையாட்டிட்டு மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு. ஹாலோபெரிடால்னு ஏதோ நீளமா ஒரு பேரு. நான் அதுக்கு ஹலோ மாத்திரைன்னு பேரு வச்சேன். வாயில நுழையணும்ல.

அந்த மாத்திரை என்னா வேலை செஞ்சுச்சுங்கிறீங்க. ரெண்டு மூணு நாளுல புளி தட்டுற பொம்பளைக ஒருத்திகூட வரலை. அத்தானும் வாயைத் தொறக்கலை. போட்ட இடத்துல போட்டபடி உக்காந்திருந்தாரு. நான் அடுத்த பார்ட்டியைக் கூட்டியாந்தேன், தேனிக்காரரு. அத்தான் வாசல்ல போட்டோ மாதிரி உக்காந்திருக்காரு, கண்ணுகூடச் சிமிட்டலை. தேனிக்காரரு கும்பிட்டுட்டு, "பெரியவரு என்னா அமைதி, பக்கத்துல இப்படி ஒருத்தரு இருக்கிறது நமக்குக் குடுப்பினை"ன்னாரு. அங்கயே அட்வான்ஸ் போட்டு முடிச்சேன். அக்காகிட்ட, "பாத்தியா, சரியான டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனா எல்லாம் சரியாயிரும்"னு சொன்னேன். அக்கா, அத்தான் வாயோரம் வழிஞ்சதைத் துடைச்சுக்கிட்டே இருந்துச்சு.

அதுக்கப்புறந்தான் ஒண்ணொண்ணா ஆரம்பிச்சுச்சு. நடக்க மாட்டேங்கிறாரு. படுத்தா புரள முடியலை, அக்காதான் தோளுக்கடியில கையக் குடுத்துத் திருப்பணும். கையை மடக்குனா மரக்கிளை மாதிரி முரண்டு பிடிக்குது. முகத்துல சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. அக்கா, "அந்த மாத்திரையாலதாண்டா இப்படி"ன்னுச்சு. நான் விடலை. மருந்து பிடிக்குதுக்கா, பிடிக்கும்போது அப்படித்தான் இருக்கும், நடுவுல நிறுத்துனா வேலைக்காகாதுன்னு சொன்னேன். நான் சொன்னது தப்பாண்ணே? எல்லா மருந்துக்கும் அப்படித்தானே சொல்றாங்க.

ஒரு நாள் காலையில இட்லியைப் பால்ல கரைச்சு அக்கா ஊட்டிவிடுது. நான் எதுத்தாப்புல உக்காந்திருக்கேன். வாயில போனது உள்ள இறங்கலை. முழுங்குறதுக்கு அவரு பாக்குறாரு, தொண்டை கேக்கலை. அப்புறம் புரைக்கேறிச்சு. இருமுறதுக்குக்கூட உடம்புல தெம்பு இல்லைண்ணே. முகம் கறுத்து, மூச்சு விசில் மாதிரி வருது. அப்ப அத்தான் என்னைப் பாத்தாரு. மத்த எதுவும் அசையலை, கண்ணு மட்டும் பாத்துச்சு. என் கல்யாணத்துக்கு முன்னாடி நின்னு பந்தல் போட்டவரு, எங்கப்பா செத்தப்ப என்னைத் தோள்ல சாச்சுக்கிட்டவரு. நான் அழுதுட்டேன். அப்பவும் டாக்டரு ஹலோ மாத்திரையைக் கூட்டிக் குடுப்பாரான்னு கேட்டுட்டு வர்றேன்னுதான் எந்திரிச்சேன்.

பேச்சியக்கா எந்திரிச்சு வாசப்படியை மறிச்சு நின்னுச்சு. "நீ ஒரு அடி எடுத்து வச்சே, கால முறிச்சிருவேன்"னு சொல்லுச்சு. எங்கக்கா. ஒரு எறும்பை விரட்டுறதுன்னாலும் போயிரு தாயின்னு கும்பிட்டுச் சொல்ற பொம்பளை. அதுபாட்டுக்குப் பழைய மாத்திரை, புது மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டுக்கிட்டு, எதுத்த வீட்டுக் காரைப் பிடிச்சு, அத்தானைத் தூக்கிப் படுக்க வச்சு, மதுரைக்கு விடுன்னுருச்சு. நான் ஓடிப்போயி முன்சீட்டுல ஏறிக்கிட்டேன். என்னை விட்டுட்டு அங்க போயி யாரு பேசுறது?

டாக்டரம்மா அத்தான் கையை மடக்கிப் பாத்தாங்க. அக்கா மஞ்சப்பையை மேசையில கவுத்துச்சு. அதுல ஹலோ மாத்திரை அட்டையை எடுத்து, இதை யாரு குடுத்தான்னு கேட்டாங்க. நான் சொல்ல ஆரம்பிச்சேன். அக்கா என்னைப் பாக்கவே இல்லை. டாக்டரம்மாவை மட்டும் பாத்து, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சொல்லுச்சு. நான் கால்ல மிதிச்சது உள்பட. இத்தனை வருசமா அதுக்கு இவ்வளவு பேச்சு இருந்துச்சான்னு எனக்கே ஆச்சரியம்.

அந்தம்மா சொன்னதை நான் சுருக்கமாச் சொல்றேன். நடுக்குவாதத்துல மூளைக்குள்ள ஒரு சரக்கு வத்திப்போகுது. அவங்க மாத்திரை அதை ஊத்திவிடுது. ஹலோ மாத்திரை அந்தச் சரக்குப் போற வழியையே அடைச்சிருது. ஒருத்தன் வாய்க்கால்ல தண்ணி விடுறான், இன்னொருத்தன் மடையில மண்ணை வெட்டிப் போடுறான், பயிரு என்னாகும்? சாதாரண ஆளுக்கு அது மருந்து, நடுக்குவாதக்காரருக்கு அது கழுத்துல கட்டுன கல்லு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ஆளையே கொண்டு போயிருக்கும்னு சொன்னாங்க. இந்த நோயில ஆளு தெரியுறது உண்டாம். நோயாலயும் வருமாம், அவங்க குடுக்கிற மாத்திரையாலயும் வருமாம். முதல்ல மூத்திரத்துல கிருமி ஏதும் இருக்கான்னு பாக்கணும், அவங்க மாத்திரையைக் கொஞ்சம் குறைச்சுப் பாக்கணும். அப்பவும் தாங்கலைன்னாத்தான் மனசுக்கான மாத்திரையாம். அதுலயும் இந்த உடம்புக்கு ஒத்துவர்றது ஒண்ணு ரெண்டுதானாம், அதையும் அவங்கதான் பாத்துக் குடுக்கணுமாம்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "வாதம்னா என்ன வாதம்? பக்கவாதமா, முடக்குவாதமா, நடுக்குவாதமா? அந்த டாக்டர் மூட்டு வலின்னு நினைச்சிருப்பார்"னாங்க. இது என்னண்ணே நியாயம்? நான் என்ன டாக்டருக்கா படிச்சிருக்கேன்? என்ன வாதம்னு அவருல்ல கேட்டிருக்கணும்? என்ன மாத்திரை, காட்டுன்னு அவருல்ல வாங்கிப் பாத்திருக்கணும்? நாலெழுத்தைச் சுருக்குனதுக்கு இவ்வளவு பேச்சு. ஆனா படிச்சவங்ககிட்ட என்னத்தப் பேசுறதுன்னு விட்டுட்டேன்.

மூக்குல குழாய் மாட்டி அதுலதான் கஞ்சி விட்டாங்க. நெஞ்சுல சளி இறங்கி, காய்ச்சல் கண்டு, பொழைப்பாரா மாட்டாரான்னு இருந்துச்சு. நான் மீனாட்சிக்கு வேண்டிக்கிட்டேன். கேன்டீன்ல யாரோடயும் பேசலை, அவ்வளவு வருத்தம். ஹலோ மாத்திரையை நிறுத்துன பெறகு, ஐஸ் கரையுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா உடம்பு இளகுச்சு. முதல்ல விரல் அசைஞ்சுச்சு. அப்புறம் குழாயை எடுத்துட்டு ஒரு கரண்டி தயிர்சாதம் குடுத்தாங்க. தொண்டையில இறங்குச்சு. அக்கா அத்தான் தொண்டையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, அது இறங்குனதும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு குலுங்கிக் குலுங்கி அழுதுச்சு. வீட்டுக்கு வந்தப்ப தை பொறந்திருச்சு.

இப்ப ராத்திரிக்கு அரை மாத்திரை ஒண்ணு போடுறாரு, அவங்க பாத்துக் குடுத்தது. புளி தட்டுறதுக்கு நாலு பேருக்குப் பதிலா எப்பவாச்சும் ஒரு பொம்பளை மட்டும் வர்றாளாம். பயமுறுத்தலைன்னா இருந்துட்டுப் போகட்டும், விரட்டுறதுக்காக மருந்தை ஏத்த வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வாந்தி மாத்திரை வாங்குனாலும் சரி, பல்லு பிடுங்குனாலும் சரி, நடுக்குவாதம்னு முழுசாச் சொல்லிட்டுத்தான் வாங்கணும்னும் சொன்னாங்க. வாந்தி மாத்திரையிலகூட சிலது அதே மாதிரி மடையை அடைக்குமாம். இதெல்லாம் தெரிஞ்சுக்கிறதுக்கு என்ன மாதிரி ஒரு ஆளு வீட்டுக்கு வேணும்ண்ணே.

அக்கா ஒரு கண்டிசன் போட்டுருச்சு. நான் கூட வரலாம், சாமான் தூக்கலாம், டாக்டரம்மா ரூமுக்குள்ள மட்டும் வாயைத் தொறக்கக் கூடாது. போன மாசம் வந்தப்ப அப்படித்தான் உள்ள போயி உக்காந்திருந்தேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அத்தான் பக்கத்துல போட்டுக்கிட்டு, "நீங்க சொல்லுங்க, வர்றவங்க தொந்தரவு பண்றாங்களா?"ன்னு கேட்டாங்க. அத்தான் பேசலை. ஃபேன் சுத்துது. எனக்கு நாக்கு நமநமங்குது. அக்கா என் தொடையைக் கிள்ளிப் பிடிச்சிருக்கு. அந்தம்மா அவசரப்படவே இல்லை, அவரு முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஒரு டீ இல்லை, ரெண்டு டீ குடிக்கலாம். கடைசியில அத்தான் பேசினாரு. மெதுவாத்தான், ஆனா தெளிவாப் பேசினாரு. அந்தக் குரலை நான் கேட்டு எத்தனை காலமாச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"அந்தம்மா ஒண்ணும் பண்ணாது டாக்டர். அதுபாட்டுக்குப் புளி தட்டும், போயிரும். ஒரு ஆளுதான் விடாம பேசிக்கிட்டே இருக்கான். அவனைத்தான் தாங்க முடியலை."

யாரு அதுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. அத்தான் நடுங்குற கையைத் தூக்கி, நேரா என் பக்கம் நீட்டுனாரு.

சட்டுனு திரும்பி என் பின்னாடி பாத்தேன். வெறும் சுவருண்ணே. ஒரு ஆள் இல்லை. டாக்டரம்மா சிரிக்கிறாங்க, அக்கா முந்தானையை வாயில வச்சு அடைச்சுக்கிட்டு, தோளு குலுங்கச் சிரிக்குது. அத்தான்கூட உதட்டோரத்துல சிரிச்ச மாதிரி இருந்துச்சு. இதுல சிரிக்கிறதுக்கு என்னண்ணே இருக்கு? பாவம் மனுசன், ஒரு பொம்பளை போயி இப்ப ஒரு ஆம்பளை வந்து நிக்கிறான், அதுவும் விடாம பேசுறவன். இது முத்துறதுக்குள்ள மாத்திரையைக் கொஞ்சம் ஏத்தச் சொல்லணும். அக்கா சொல்லாது. அத்தானும் சொல்ல மாட்டாரு. கண்டிசனாவது மண்ணாவது, இன்னிக்கு உள்ள போனதும் நான்தான் பேசணும்.